அக்கா தலையாட்டினாள்

வாயாடிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், தலைமை அலுவலகத்தில் ஏசி ஓடுகிறது. உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல், அதனால்தான் தாமதம் என்று எழுதலாம். பொய். உன்மேல் இருந்த ஆத்திரம் அடங்கட்டும் என்று பார்த்தேன். அடங்கவில்லை.

கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே அறையில் கிடந்தோம். எனக்கு ஆறுதல் சொல்ல உனக்கு அலுவலக மொழிதான் கிடைத்ததா? அதுவும், நம்ம மொழியில் சொன்னால், "தங்கள் மன உளைச்சலை உணர்கிறோம்" என்று. யாரடி அந்த "றோம்"? நீயும் உன் மேனேஜருமா?

விபத்தைப் பற்றி உனக்கு வந்த அறிக்கையில் இல்லாததை எழுதுகிறேன். இந்தச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் மாறும்போது எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று அடுத்தவளிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விரிப்பு தேய்க்கும் சூடான ரோலரில் அன்றைக்கு, அவசரத்துக்கு இழுத்து நிறுத்தும் கயிறு அறுந்துபோயிருந்தது. அடுத்து வந்தவள் ரோலர் அக்கா. பதினாலு வருஷமாக அந்த மெஷினோடு மாரடிக்கிறவள், நம்ம மொழி மட்டும்தான் தெரியும். பால் கொடுக்க நான் கம்பெனிக் காப்பகத்துக்கு ஓடிய நாளெல்லாம், "நீ போ கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று என் வேலையையும் சேர்த்துச் செய்தவள்.

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். வேலை நேரத்தில் அலுவலக மொழி மட்டுமே என்ற சுற்றறிக்கை சுவரில், அடியில் உன் கையெழுத்து. நம்ம மொழியில் பேசியதற்கு ஏற்கெனவே எனக்கு ஒரு மெமோ. போனில் நீதானே சொன்னாய், இன்னொன்று வந்தால் வேலை போகும், காப்பகமும் போகும், வாயைக் கட்டு என்று. கட்டினேன். மெக்கானிக் வரும்வரை ஓட்டாதே என்று அலுவலக மொழியில் சொன்னேன். அக்கா ஓகே என்று தலையாட்டினாள்.

புரியாவிட்டால் அவள் சிரிப்பாள். அன்றைக்கும் சிரித்தாள். அது தெரிந்தும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காப்பகத்தில் மகளுக்குச் செருப்பு மாட்டும்போது அலறல் கேட்டது. மூன்று விரல்.

இப்போது ஆளாளுக்கு என்னைத் தட்டிக்கொடுக்கிறார்கள். நான் விதிப்படி சொன்னேனாம், அக்காதான் கவனக்குறைவாம். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு நஷ்டஈடு கிடையாது. நீயும் அதையே போடச் சொல்கிறாய், குழந்தையை நினைத்துப் பார் என்று. நினைத்துத்தான் அன்றைக்கு வாயை மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. கையெழுத்துப் போடப் போவதில்லை. அவளுக்குப் புரியவில்லை, அது எனக்குத் தெரியும் என்று நம்ம மொழியிலேயே சொல்லப் போகிறேன். கட்டுப் போட்ட கையோடு அக்கா எதிரே உட்கார்ந்திருப்பாள், அவள் காதில் அது என் வாயிலிருந்து விழ வேண்டும். வேலை போனால் குழந்தையை எங்கே விடுவேன் என்று இன்னும் தெரியவில்லை.

அதிகாரிகளுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடுவார்கள். உங்கள் அலுவலகத்தில் இரண்டும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். வந்துவிடு. அந்தச் சுற்றறிக்கையும் உன் கையெழுத்தும் வரும் இடத்திலும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடு. நல்லா இருப்பே.

உன் அறைக்காரி