நடுவில் விட்ட ஒரு சொல்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

முப்பத்தெட்டு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காக மாற்றமாட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் நீதிபதிக்கு முன்னால் அழுது வீட்டை மீட்டேன் என்று லிங்கநகரில் ஒரு கதை உலாவுகிறது. நான் அழவில்லை. உட்காரக் கதிரை தந்தார்கள். அதையும் வேண்டாம் என்றேன்.

நம் கூரையைப் போட்ட மூதூர்த் தச்சர் ஹனீபாவை நினைவிருக்கிறதல்லவா? வானொலிக்கு நாலு பற்றரி, தடைசெய்த பொருள், கொண்டு போனதற்காக இராணுவச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். வீட்டு உறுதிப்பத்திரத்தை வைத்து நான் பிணை நின்றேன்.

"ஊர் தெரியாத ஆளுக்குக் கையெழுத்து வைக்கிறியளே அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு மலர்.

"ஆறு மாரியா எங்கட கூரை ஒழுகேல்லை. இதைவிட அவரைப் பற்றி என்ன தெரியோணும்?"

வழக்குத் தவணை நாளில் ஹனீபா வரவில்லை. பிணைமுறி பறிமுதல், வீடு ஏலத்துக்கு என்று கட்டளை வந்தது. மலர் ஒரு சட்டி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் ஹனீபா படலையில் நின்றார். "அல்லாவாண நான் ஓடல்ல அம்மா. விடிய மூதூர் ஜெட்டில நிண்ட நான். நேவி கடல மூடிட்டாங்க, லோஞ்ச் விடல்ல." அவருடைய பயண அனுமதிப் பாஸில் இறங்குதுறைக்குள் போனதற்குத் தவணை நாளின் முத்திரை இருந்தது. லோஞ்ச் படகில் ஏறியதற்கு இல்லை.

மேன்முறையீடு செய்தேன். "வயதைச் சொல்லி இரக்கம் கேப்பம்," என்றார் சட்டத்தரணி.

"என்ர வயது வழக்கில இல்லை," என்றேன்.

மன்றில் வேண்டுமென்றே தமிழில் சொன்னேன்: "அவரை வரவிடேல்லை." நீங்கள் மன்றின் மொழிபெயர்ப்பாளராக நின்ற அதே இடத்தில் இப்போது நிற்கும் மொழிபெயர்ப்பாளர், அவர் வரவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"நில்லுங்கோ. நடுவில இருந்த 'விட' எங்க?"

"அம்மாவுக்கு இங்கிலீஷ் விளங்குமோ?"

"எனக்கு விளங்குது. உங்களுக்குத்தான் தமிழ் விளங்கேல்லை."

மன்று சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பாஸை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பறிமுதல் கட்டளை ரத்து. உறுதி இப்போது அலுமாரியில், உங்கள் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில்.

நீங்கள் மொழிபெயர்த்த ஒரு வழக்கிலும் ஒருமுறை அதே சொல் தவறிப்போனது. அதனால் குற்றம் சாட்டப்பட்ட மனிதரை மறியலுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அன்று குசினிக்குள் வந்து நின்றீர்கள், சாப்பிடவில்லை. ஆறுதல் சொல்லாமல், பிழை பிழைதான் என்றேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்? நீதிபதி பாஸைத் திருப்பிப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன்.

அடுத்த தவணைக்கு ஹனீபா முதல்நாளே வந்து நம் விறாந்தையில் படுப்பார். பிணை மறுபடி தேவைப்பட்டால் மறுபடியும் நிற்பேன். இது என் வாக்கு.

உயிரோடு இருந்தபோது என் கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டினீர்கள். இம்முறை அது போதாது. அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் வைத்தேனா? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மனைவி,
திரேசா