மேற்குக் கை

9 பிப்ரவரி 1975

அன்புத் தம்பி நார்மனுக்கு,

அண்ணன் எட்கர் சொல்ல, நம் ஊர் மருத்துவ நிலைய நர்ஸ் டல்சி எழுதுவது.

டார்வின் ஊரைக் கிறிஸ்துமஸ் புயல் வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்து வந்த மழை இது. டல்சி தேதி கேட்டாள். "தேதியை நீ போட்டுக்கோ, நான் புயலைச் சொல்றேன்" என்றேன். இந்த மழையில்தான் மாமரத்தடியில் வாய் கோணி விழுந்து கிடந்த உன்னைத் தூக்கி நகரத்து ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் ஏற்றினோம்.

உன் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. வடக்கே பார்த்தபடியே இருக்கிறது. நாய் அதன் கீழேதான் படுக்கிறது. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது, நன்றி கெட்டது.

பெரிய டாக்டர் டல்சியிடம் ரேடியோவில் சொன்னாராம்: "உங்க ஆளுக்குப் புத்தி பேதலிச்சிருக்கு. கேட்டதுக்கு ஒரு நாள் ஒண்ணு சொல்றார், மறுநாள் வேற சொல்றார். தேறலேன்னா தெற்கே இருக்கிற இல்லத்துல சேர்த்துடுவோம்." அந்த இல்லத்துக்குப் போன நம் ஆள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. டாக்டரிடம் அப்படி என்னதான் சொன்னாய்? நீ மிஷன் பள்ளியில் படித்தவன். நான் அந்த வயதில் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு போனவன். உள்ளதை எழுது.

இப்படிக்கு, உன் அண்ணன்
(பெருவிரல் ரேகை)


23 பிப்ரவரி 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

நானே எழுதுகிறேன். "பாதித் தாள் வெள்ளையா கிடக்குதே நார்மன், அதுல யார் எழுதப்போறா?" என்று இங்குள்ள நர்ஸ் கேட்கிறாள். எனக்குத் தாள் நிறைந்துதான் தெரிகிறது. சாப்பாட்டிலும் இதே கதை. "கிழங்கு எங்கே? பட்டினி போடவா கூட்டி வந்தீங்க?" என்று சண்டை பிடித்தேன். அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். தூங்கி எழுந்தால் யாரோ ஒருவன் தன் கையை என் படுக்கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எடுத்துப்போகச் சொன்னேன். "அது உங்க கைதான்" என்றாள். மோதிரம் என் மோதிரம்தான். கை யாருடையதோ. சற்று நேரம் போனால் என்னுடையதாகிவிடுகிறது.

மூளையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு வேலையாம். படம் காட்டினாள். பேச்சுக்கு ஓர் இடம், பின்னால் பார்வைக்கு ஓர் இடம். என் பேச்சின் இடத்துக்கு ரத்தம் போகிறது, எதிர்ப்புறம்தான் அடைத்துக்கொண்டது என்றாள்.

டாக்டர் கேட்டது இதுதான்: "எந்தக் கை வரலே?" நான் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். "மேற்குக் கை" என்றேன். மறுநாள் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். திரும்பவும் கேட்டார். "கிழக்குக் கை" என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கட்டிலைத் திருப்பினது அவங்க, பைத்தியம் நானா அண்ணே?

உன் தம்பி
நார்மன்


9 மார்ச் 1975

அன்புத் தம்பி நார்மனுக்கு,

டல்சி படித்துக் காட்டியபோது சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

நம் பூர்வகுடிப் பேச்சில் இடதும் இல்லை வலதும் இல்லை, திசைதான் உண்டு என்று டாக்டருக்குத் தனித் தாள் எழுதியிருக்கிறாள். "மாமா, இதை அவர் நம்புவாரா?" என்கிறாள். நம்பாவிட்டால் இப்படிச் செய். மாட்டு மந்தையை ஆறு தாண்ட ஓட்டினோமே, ஐந்து பேர். முன்னால் போனவரின் குதிரை எந்தப் பக்கம் புரண்டது? டாக்டர் எதிரே சொல்லு. முன்னால் போனவர் என்றுதான் சொல்வேன். இறந்தவர் பெயர் நம் வாயில் வரக்கூடாது. இங்கே நான் சொன்னதை டல்சி உறையில் போட்டு ஒட்டி டாக்டருக்கு அனுப்புகிறாள். இரண்டையும் அவரே ஒத்துப் பார்க்கட்டும்.

மூளையைப் பற்றி நர்ஸ் சொன்னது எனக்குப் புரிந்தது. நம் நிலம் மாதிரிதான். ஒவ்வொரு துண்டுக்கும் அதைப் பற்றிப் பேச உரிமையுள்ள ஒருவர் உண்டு. அவர் போய்விட்டால் அந்த இடத்துக்காகப் பேச அடுத்தவனால் ஆகாது.

உன் அண்ணன்
(பெருவிரல் ரேகை)


25 மார்ச் 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்னேன்! "கிழக்கே பார்த்துக் கடந்தோம். குதிரை வடக்கே புரண்டது. அவர் தெற்கே விழுந்தார், அதனால பிழைச்சார்." ஜன்னல் இல்லாத அறை அது. டாக்டர் உறையைக் கிழித்துப் படித்தார். பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து, நான் கை நீட்டிய பக்கத்தைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க நார்மன்" என்றார். வெள்ளைக்காரர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லையே. "டீ இருக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

ஈஸ்டர் கழிந்ததும் வீடு. நாயிடம் சொல்லிவை.

நார்மன்


8 ஏப்ரல் 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டருக்கு மறுநாள் தலை சுற்றியது. இன்னோர் இடத்தில் சின்ன அடைப்பு என்றார்கள். பேச்சு நன்றாக இருக்கிறது, பயப்படாதே.

இன்று ஒரு புது டாக்டர் வந்து பார்த்தார். எந்தக் கை என்று கேட்டார். மிஷன் பள்ளிச் சொல்தான் வாயில் வந்தது, "இடது கை" என்றேன். "பிரமாதம்! தேறிட்டீங்களே!" என்று முதுகில் தட்டினார். நர்ஸ் கேக் கொண்டுவந்தாள். இருபத்து நான்காம் தேதி விமானம்.

அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். டல்சியிடம் இதை மெதுவாகப் படிக்கச் சொல். நம் வீடு இங்கிருந்து எந்தப் பக்கம்?

நார்மன்


15 ஏப்ரல் 1975

அன்புத் தம்பி நார்மனுக்கு,

வடக்கே, தம்பி. வடக்கே.

டல்சி எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைக்கிறாள். எழுது என்று அதட்டினேன்.

நீ இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். எந்தப் பக்கம் என்று தேடாதே. நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். யாரோ விட்டுவிட்டுப் போனது என்றாயே, அந்தக் கையை.

உன் அண்ணன்
(பெருவிரல் ரேகை)


18 மே 1975

தம்பிக்கு,

"மாமா, இதை எந்த விலாசத்துக்குப் போட?" என்று டல்சி கேட்கிறாள். முதலில் எழுது என்றேன்.

பத்தொன்பது நாள் வீட்டில் இருந்தாய். முதல் நாள் "டீயைக் கொஞ்சம் தெற்கே தள்ளு" என்றேன். நீ இரண்டு பக்கமும் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் டல்சி என் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள். நூல் உள்ளது இடது, நூல் இல்லாதது வலது. இந்த வயதில் படித்தேன். உனக்கெதிரே உட்கார்ந்தால் எல்லாம் மாறிப்போகிறது. உளறினேன். "அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சிருக்கு, தெற்கே அனுப்பிடலாம்" என்றாய். நீ கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

இருபதாம் நாள் காலையில் நாற்காலியிலேயே போயிருந்தாய். எந்த இடம் அடைத்தது என்று டல்சி சொல்ல வந்தாள். வேண்டாம் என்றேன்.

குழிக்கருகே நூலை அவிழ்த்துவிட்டேன். உனக்குக் கேட்கும்படி நம் பேச்சில் சொன்னேன்: தலை மேற்கே, முகம் கிழக்கே. கடல் வடக்கே. ஆறு தெற்கே. வீடு உன் தலைமாட்டுக்கு மேற்கே, நடந்து வரும் தூரம்தான்.

அன்று ஆற்றைக் கடந்தவர்கள் ஐந்து பேர். முன்னால் போனவர் எப்போதோ போனார். பாட்டுக்காரர் இருமலில் போனார். நமக்குச் சமைத்துப் போட்டவர் தெற்கே அந்த இல்லத்தில் போனார். இப்போது நீ. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "என்ன?" என்று திரும்ப ஒருவன்தான் இருக்கிறான்.

ரேகை வேண்டாம், பெயரை எழுது என்றேன் டல்சியிடம்.

எட்கர்