தான் என்றால் அலுமினியம்

2009 பிப்ரவரி 8, ஞாயிறு

விடியும்போது மூடுபனி, ஒன்பது மணிக்கே வெயில். இன்று பூசம். பாக்கியம் கோயிலுக்குப் போனாள். நான் போகவில்லை, படகு பார்க்கிற வேலை. சாமி கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். போன வருஷப் புயலில் எங்கள் மரப்படகு போனபோது அவர் எங்கே இருந்தார்?

அன்றிலிருந்து வாடகைப் படகு. அடுத்தவன் செருப்பில் காலை விட்டு நடக்கிற மாதிரி. போதும். இந்த மாதம் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று நானும் தம்பி ரங்கனும் முடிவு. பணக்கணக்கை இங்கே எழுதப்போவதில்லை, இது வயிற்றெரிச்சலுக்கான நோட்டு. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். பூட்டு வேண்டியதில்லை.

மரம் வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. மிச்சம் இரண்டு: ஃபைபர், அலுமினியம்.

முதலில் டவுனில் சீனர் பேட்டை, லத்தா. கோ லின் என்ற சீனன் கடை. சந்துக்குள் அலுமினியப் படகுகள், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துப் போட்டிருக்கிறான். விரலால் சுண்டினேன். பாத்திரக்கடைச் சத்தம். பேர் கேட்டான், கோவிந்தன் என்றேன். அவன் காதில் "கோ வின் தான்." எங்கள் பேட்டை தாகேதாவில் பாதிப்பேர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பர்மியத்தில் அலுமினியத்துக்கே 'தான்' என்று பெயர். "பேரிலேயே தானை வெச்சிக்கிட்டு உங்களுக்கு ஃபைபர் எதுக்கு அக்கோ?" என்று பர்மியத்தில் ஒரு நக்கல், அக்கோ என்றால் அண்ணன். ரங்கன் சிரித்தான். அவனுக்கு முக்காலி போட்டான் சீனன். எனக்கு இல்லை. நின்றுகொண்டே விலை கேட்டேன்.



பிப். 10, செவ்வாய்

வாடகைப் படகில் எட்டுத் தலௌ மீன். ஒன்று வீட்டுக்கு. பாக்கியம் புளி அதிகம் போட்டுவிட்டாள்.

யோசித்தது:

ஃபை. — கனம். அது நல்லது. நாங்கள் வலையை விட்டு அதன் கூடவே மிதந்து போகிற ஆட்கள். படகு நீரோட்டத்தோடு போகவேண்டும், காற்றோடு ஓடக்கூடாது. ஓட்டை விழுந்தால் நானே பிசின் பூசி அடைப்பேன். பாலத்துத் தூணில் மோதினால் விரிசல் விடும். யார் மோதச் சொன்னது?

அலு. — லேசு. மோதினால் நசுங்கும், உடையாது. உப்புத்தண்ணீர் ஆணியை அரிக்கும். வெயிலில் தோசைக்கல். துடுப்பு பட்டால் ஆற்றில் இருக்கிற மீனுக்கெல்லாம் தந்தி.

இதைச் சொன்னால் ரங்கன், "தான் படகுதான் நல்லது அண்ணே. மணல்ல இழுத்துட்டுப் போலாம்."

"எந்த மணல்டா? பசுண்டான் ஓடையில முழங்கால் சேத்துல நிக்கிறோம்."

"லாரியில கூட ஏத்தலாம்."

"படகு எதுக்குடா லாரியில போவணும்?"

அதற்குள் அவன் பெண்டாட்டி மா ஏ டீயோடு வந்தாள். ஆற்றின் மேல்பக்கத்து ஹென்ஜடாக்காரி, நல்ல பெண், தமிழ் தெரியாது. பேச்சு அங்கேயே நின்றது.

பிப். 13, வெள்ளி

படகேறி ஆற்றுக்கு அக்கரை, டாலா. ஊ மியா பட்டறை. பிசின் நாற்றத்தில் ரங்கனுக்குத் தலைவலியாம். நேற்றுவரை மீன் நாற்றத்தில் வளர்ந்த தலை.

ஊ மியா அதிகம் பேசாத ஆள். அவர் படகே பேசுகிறது. தட்டினால் 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெயிலுக்கு எதிரே சாய்க்கச் சொல்லி உள்பக்கம் பார்த்தேன், வெள்ளைத் திட்டு எங்கும் இல்லை. திட்டு இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம், ஒரு மழைக்காலம் தாங்காது. விளிம்பு வழவழப்பு, வலை சிக்காது. உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"பாக்கலாம் அண்ணே" என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசினேன், எனக்கே ஆச்சரியம். "தான் படகும் மோசமில்ல, யோசிக்கிறேன்" என்றேன். அவனும்தானே வலை இழுக்கிறவன்.

பிப். 14, சனி

படகைத் தள்ளும்போது தூணில் ஒட்டியிருந்த சிப்பி குதிகாலைக் கிழித்துவிட்டது. பாக்கியம் மஞ்சள் அப்பினாள், கூடவே திட்டும். நடக்க முடியாது.

படுத்தபடி யோசித்து முடித்துவிட்டேன். ஃபைபர். ரங்கனைக் கூப்பிட்டேன். "நேத்து பாத்ததுதான்டா. வேற பேச்சில்ல. போய் முடிச்சுட்டு வா."

சாயங்காலம் வந்தான். "முடிஞ்சுது அண்ணே." முகம் தெளிவு. எனக்கும் மனசு லேசு. பாக்கியத்திடம் லபெத் பிசையச் சொன்னேன், ஊறவைத்த தேயிலையில். ரங்கன் இரண்டு தட்டு தின்றான்.

பிப். 17, செவ்வாய்

வெயில். கால் தேவலை.

மத்தியானம் வாசலில் சத்தம். நாலு பேர் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பளபளவென்று. அலுமினியம்.

"என்னடா இது?"

"நீதானே சொன்னே."

"நான் என்ன சொன்னேன்? நேத்து பாத்ததுதான்னு சொன்னேன். அந்த நேத்து நாம எங்கடா போனோம், டாலாவா லத்தாவா?"

"நேத்துன்னா முந்தி பாத்ததுன்னு நெனச்சேன். பாத்தது, தான். தான் படகு. அப்படித்தான் எனக்குக் கேட்டுச்சு அண்ணே."

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக் காதர் பாய்க்கு இரண்டு பாஷையும் தெரியும். அவர் மற்றவர்களுக்குப் பர்மியத்தில் விளக்கினார், தமிழில் இந்த 'தான்' எல்லா வார்த்தைக்கும் பின்னால் ஒட்டும், அதற்கு அர்த்தமே கிடையாது என்று. டீக்கடை முழுக்க சிரிப்பு. சாயங்காலத்துக்குள் கதை பாலம்வரை போய்விட்டது. இனிமேல் நான் வாயைத் திறந்து 'நான்தான்' என்றால்கூட அலுமினிய மனுஷன் என்பார்கள்.

திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். சீனன் எடுக்கமாட்டானாம்.

பர்மியத்தில் தண்டனைக்கும் அதே உச்சரிப்பு, தான். பொருத்தம்தான். சொந்தக் காசில் சூனியம்.

பிப். 18, புதன்

அவன்மேல் கோபம் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் தமிழ் அவ்வளவுதான். அண்ணி வந்துச்சு, காக்கா வந்தாங்க என்பான். தமிழ்ப் பள்ளிக்கூடம் மூடின பிறகு பிறந்தவன். அப்பா போனபோது தவழ்கிற பிள்ளை. வலை கட்ட, நீரோட்டம் பார்க்க எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன், ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கவில்லை. நேரம் ஏது? அப்புறம் அவன் காதைக் குறை சொல்லி என்ன.

பாக்கியத்திடம் இதைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பிப். 20, வெள்ளி

முதல் மிதப்பு. பகோ ஆறு வந்து சேருகிற இடம், இறங்கு நீர். தரையில் கோணிச் சாக்கு இரண்டு விரித்தேன், சத்தம் அடங்கிவிட்டது. எழுதக் கூச்சமாக இருக்கிறது: நல்ல படகு. சொன்ன பக்கம் திரும்புகிறது. அதுதான் எரிச்சல்.

வலை நிறைய. ரங்கன் ஒரு முனை, நான் ஒரு முனை. இந்த வலையைத் தனியாள் இழுக்க முடியாது, இழுத்தால் படகு குறுக்கே திரும்பிவிடும். கைமாற்றிக் கைமாற்றி, ஒரே மூச்சில். ஒரு மீன் துள்ளி அவன் முகத்தில் அடித்தது. ரங்கன் சிரித்தான். புயலுக்கு அப்புறம் தண்ணீரில் அவன் சிரித்து இன்றுதான் கேட்டேன். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்று அப்பா சொல்வார். ஃபைபராவது அலுமினியமாவது, அவன் எதிர்முனையில் இருந்தால் சரி என்று தோன்றியது. வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன்.

பிப். 23, திங்கள்

புழுக்கம். படகின் அடியில் தண்ணீர் விடுகிற ஓட்டைக்கு ஒரு மாற்றுத் தக்கை வாங்க லத்தா போனேன், தனியாக.

கோ லின் இந்தத் தடவை எனக்கும் முக்காலி போட்டான். "லாரி என்னைக்கு அக்கோ?"

"எந்த லாரி?"

"ஹென்ஜடா லாரி. உங்க தம்பி கேட்டாரே, மூணு பேரா தூக்கி ஏத்த முடியுமா, லாரியில நீளம் பத்துமான்னு. அளந்துகூட பாத்தாரு. அப்பவே அந்தப் படகை ஒதுக்கி வெச்சிட்டேன்."

"எப்ப கேட்டான்?"

"எங்க புத்தாண்டுக்கு முன்னாடி."

சீனப் புத்தாண்டு போன மாதம். அப்போது நான் அந்தக் கடைக்குள் காலே வைத்திருக்கவில்லை. பூசத்தன்று ரங்கனுக்கு மட்டும் முக்காலி ஏன் என்று இப்போது தெரிகிறது. மணல் ஏன், லாரி ஏன், எல்லாம் தெரிகிறது. ஹென்ஜடாவில் ஆறு முழுக்க மணல்திட்டு. காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது அவனுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், நான் அந்தச் சோற்றுக்கு நெய் வேறு ஊற்றியிருக்கிறேன்.

தக்கை வாங்க மறந்துவிட்டேன்.

பிப். 24, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"ஹென்ஜடாவுக்கு எப்ப போற?"

மறுக்கவில்லை. அந்தமட்டும் மரியாதை. ஆனால் பதில் முழுக்கப் பர்மியத்தில். மா ஏ அப்பாவுக்கு அங்கே ஏலத்தில் எடுத்த மீன் துறை இருக்கிறதாம், பார்க்க ஆள் இல்லையாம். இங்கே காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அவள் ராத்திரி முழுக்கக் கண் மூடுவதில்லையாம். புயலிலிருந்து அப்படி.

"தமிழ்ல சொல்லுடா."

"தமிழ்ல எனக்கு இவ்வளவு வராது அண்ணே."

"பொய் மட்டும் வந்துச்சே."

மா ஏ குறுக்கே வந்தாள். "அவரைத் திட்டாதீங்க அக்கோ. உங்ககிட்ட சொல்ல அவருக்கு ஆனா." ஆனா என்றால் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே பர்மாக்காரர்கள் வைத்திருக்கிற ஒன்று. அடுத்தவர் மனசு நோகுமே என்று வாயைக் கட்டிக்கொள்வது. தமிழில் அதற்கு வார்த்தை கிடையாது. எங்களுக்குள் அது தேவைப்பட்டதும் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குள் வந்து பாக்கியத்தைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"பொங்கலன்னிக்கே மா ஏ சொல்லுச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கத்துவீங்க. அவன் இருந்துடுவான். அந்தப் பொண்ணு ராத்திரியில முழிச்சிக்கிட்டே கெடக்கும்."

கத்தினேன். அவள் சொன்னதை நிரூபிக்கிற மாதிரி. சட்டியைக் கீழே போட்டேன், உடையவில்லை, அதுவும் அலுமினியம்.

பிப். 26, வியாழன்

பேச்சு வார்த்தை இல்லை. பங்கு மட்டும் பிரித்தோம், காதர் பாய் நடுவில் உட்கார்ந்தார். படகு அவனுக்கு. வலையும் புயலில் தப்பின பழைய எஞ்சினும் எனக்கு. படகில்லாத எஞ்சின், ஆளில்லாத வலை. சரிசமம் என்றார் பாய். தலையாட்டினேன்.

கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்கவேண்டும்.

பிப். 28, சனி

ஊ மியா டாலாவிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார். நான் உட்கார்ந்து பார்த்த படகு இன்னும் விற்கவில்லையாம், வேண்டுமா என்று கேட்டு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? எதிர்முனையில் யாரை உட்காரவைப்பது, பாக்கியத்தையா?

ரங்கன் வீட்டில் பெட்டி கட்டுகிற சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கிறது. நானும் வருகிறேன் என்று நான் சொல்லமாட்டேன். நீயும் வா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டால் வரமாட்டேன் என்று சொல்ல வைத்திருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. லாரி ஏழு மணிக்கு வந்துவிட்டது.

படகு ஏற்றினார்கள். நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். நான் கை வைப்பதற்குள் ஏறிவிட்டது. லேசான படகு.

மா ஏ காலில் விழுந்து கும்பிட்டாள், எனக்கும் பாக்கியத்துக்கும். பாக்கியம் அழுதாள். ரங்கன் கயிற்றை இறுக்கினான், அவிழ்த்தான், மறுபடி இறுக்கினான். முடிச்சு நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு. வா என்று கேட்கவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

கடைசியில் கிட்டே வந்தான். பர்மியத்தில் பேசுவான் என்று நினைத்தேன். தமிழில் சொன்னான்.

"போறேன் அண்ணே."

பர்மியத்தில் விடைபெறும்போது அப்படித்தான் சொல்வார்கள், துவாதோமே, போகப்போறேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதை அப்படியே தமிழாக்கியிருப்பான். நம்மில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டமாட்டோம், போயிட்டு வரேன் என்றுதான் சொல்வோம். அவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம். பன்னிரண்டு வயசுவரை பள்ளிக்கூடம் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று தினமும் என்னிடம் சொன்னவன்.

வரேன்னு சொல்லுடா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவைத்திருந்தால் சொல்லியிருப்பான். நான் சொல்லச்சொன்னதை அவன் எப்போதும் சொல்லியிருக்கிறான்.

"சரி, போ" என்றேன்.