அடுத்த பத்தை நீ சொன்னாய்

நீ மாதா கோயிலுக்குப் போடும் வெள்ளை முக்காட்டை உன் மகள் நேற்று கொண்டுவந்து தந்தாள். இரண்டு முறை தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டேன். கருவாட்டு மணம் போகவில்லை. பூசையில் உனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்ட எல்லாரும் அந்த மணத்தோடுதான் செபித்தோம். சாமியார்கூட ஒருநாள் மூக்கைச் சுளித்தார். அவருக்குச் சளி, தடிமன் என்று நீ இஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாய்.

சண்டை முடிந்து, இந்தியாவில் இருந்த அகதி முகாமை விட்டு நாங்கள் மன்னாருக்குத் திரும்பிய வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வயதில் வள்ளத்தில் ஏறிப் போனவள், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து இறங்கினேன். அங்கே இருந்தவரை நான் சிலோன்காரி. இங்கே வந்து 'ஆமாங்க' என்று வாயைத் திறந்ததும் இந்தியாக்காரி ஆகிவிட்டேன். கடையில், கிணற்றடியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், நான் பேசினால் ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நாள்தோறும் என்றால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். முகாமுக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் அரை மனதோடு சம்மதித்திருந்தார்.

அந்த ஒக்டோபரில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போய், எங்கள் தகரக் கொட்டிலுக்கும் வந்தது. வீட்டுக்காரி என்பதால் செபமாலையின் முதல் பத்து மணியை நான் சொல்லவேண்டும். மாதாவை வாழ்த்தும் அந்தச் செபத்தில் ஊரில் எல்லாரும் 'கர்த்தர் உம்முடனே' என்பார்கள். முகாமில் பழகிய என் வாய் 'ஆண்டவர் உம்முடனே' என்றுவிட்டது. பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பாயில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் அது தொற்றியது. மிச்ச மணிகளை எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த பத்தைச் சொல்ல வேறொருத்தி இருந்தாள். நீ முந்திக்கொண்டாய். கரைவலைக்காரரைக் கூப்பிடும் அதே குரலில் 'ஆண்டவர் உம்முடனே' என்றாய். பத்து முறையும் அப்படியே சொன்னாய். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கோயில் மூப்பருக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ளை, நீயும் இந்தியாவுக்குப் போட்டு வந்தனியோ?"

"மாதாவுக்கு ரெண்டும் விளங்கும் மூப்பர். உங்களுக்குத்தான் விளங்கேல்லைப் போல."

அதுவரை உன்னை எனக்கு அடுத்த ஒழுங்கையில் கருவாடு காயப்போடுபவள் என்ற அளவில்தான் தெரியும். அதற்குப் பிறகு நீ என்னை விடவில்லை. என்னைக் கேட்காமலே சாமியாரிடம் போய், ஞாயிறு வாசகத்துக்கு என் பெயரைக் கொடுத்தாய். முன்வாங்கில் இருந்துகொண்டு, நான் வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டினாய். வெளியே வந்ததும் ஏசினாய். "நல்லா வாசிச்சனி. ஆனா ஏனடி அந்த ஓட்டம்? பஸ் வெளிக்கிடப் போகுதே?"

ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் நீ என் விலாவில் இடிப்பாய். "தேத்துறதெண்டா தோளில தட்டுறதில்லையடி. எழும்பிப் போய்ப் பக்கத்தில நிக்கிறது," என்பாய். நீ நின்றாய். நாங்கள் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கு நான் முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், அது உன் பிடிவாதம்.

ஆஸ்பத்திரியில் உனக்குச் சிறுநீரகம் முற்றாகப் பழுதாகியிருந்த அந்தக் கடைசிக் கிழமை, சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டுப் போன பிறகும் உன் முகம் தெளியவில்லை. என் கையைப் பிடித்தாய்.

"சாமியிட்டச் சொல்லிப்போட்டன். உன்னட்டச் சொல்லாமப் போகேலாது. அண்டைக்கு முதல்ல சிரிச்சது நான்தானடி. சிரிச்சாப் பிறகுதான் உன்ர முகத்தைப் பாத்தன். அதுக்குப் பிறகு மாதாவின்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சுது."

சொல்லிவிட்டு அழுதாய். உன்னை அப்படி நான் கண்டதே இல்லை. ஊரையே தேற்றித் திரிந்தவளுக்கு அத்தனை வருடமும் உள்ளே இது இருந்திருக்கிறது.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"எப்ப இருந்து?"

"அண்டையில இருந்து. உன்ர சிரிப்பு ஊர் முழுக்கக் கேக்கும், ஆருக்கடி தெரியாது?"

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"அடுத்த பத்தை நீதானே சொன்னனி."

கண்ணைத் துடைத்தாய். பிறகு அதே களுக் சிரிப்பு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மனுஷி திடுக்கிட்டு எழும்பினாள். தாதி வந்து இரண்டு பேரையும் ஏசினாள். எனக்கு உன்னை விட்டுப் போக மனமே வரவில்லை.

போன ஞாயிறு ஒரு புதுப்பெண் வாசகத்தில் ஒரு பெயரை உடைத்து உடைத்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கண்டுவிட்டாள். வெட்கமாகப் போயிற்று எனக்கு. பூசை முடிய அவளைத் தேடிப் போனேன், சிரித்தது நான்தான் என்று சொல்வதற்கு. உன்னைப் போல அத்தனை வருடம் அதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லையடி.