அத்தாவும் செங்கணு வேரும்

1999 ஜூலை 14

இன்று சுகர் குறைந்தது. எலிக்குத்தான்.

சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு மாதக்கணக்கில் செங்கணுக்கொடி வேரைக் காய்ச்சி வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு எலியும் என்னை மதித்ததில்லை. இன்று ரத்தம் எடுத்துப் பார்த்தால், மருந்து கொடுத்த கூண்டு மொத்தமும் இறங்கியிருக்கிறது! நம்பிக்கை வராமல் திரும்பவும் பார்த்தேன். அதேதான். என் கைடு சுகுணா மேடம் "குட்" என்றார். மேடம் சிரிப்பையே எண்ணிச் செலவு செய்கிறவர். அவர் வாயிலிருந்து குட் வந்ததே பெரிது.

நாமக்கல்லிலிருந்து பஸ் பிடித்து அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கியதும் நேராகக் கடைக்குத்தான் போனேன். கொல்லிமலையிலிருந்து மிளகும் தேனும் வேரும் வாங்கி விற்கிற கடை, என்னைப் பெற்ற அத்தாவுடையது. ஆராய்ச்சிக்கு வேர் கொடுத்ததும் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று என் தலையில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. அவருக்கும் சுகர் உண்டு, பல வருஷமாக மாத்திரை போடுகிறார்.

"அப்ப நிரூபணம் ஆயிருச்சுன்னு சொல்லு கண்ணு!"

"எலிக்கு அத்தா. எலிக்கு வேலை செய்யுது. மனுஷங்க சாப்பிட்டா ஆபத்தில்லையான்னு இன்னும் பார்க்கவே இல்ல."

முதல் பாதிதான் காதில் விழுந்திருக்கும். எனக்குத் தெரியாதா அவரை.

1999 ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு மலையேறுகிற கூட்டம் எல்லாம் எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடை வாசலில் புது போர்டு:

"கொல்லிமலை செங்கணு வேர். சர்க்கரை நோய் தீரும். என் மகள் சித்திகா எம்.எஸ்ஸி. ஆராய்ந்து நிரூபித்தது."

மானம் போகிறது. எனக்கு டாக்டர் பட்டமே வரவில்லை, அதற்குள் போர்டு வந்துவிட்டது. "எடுங்கத்தா இதை" என்றேன். "மொதல்ல கூட்டத்தப் பாரு" என்றார். கூட்டம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

1999 ஆகஸ்ட் 29

வேர் எடுக்க மலை மேலே தேவனூர் நாட்டுக்குப் போனேன். அத்தாவுக்கு வேர் கொடுக்கிற காளியண்ணன் தன் மிளகுக் கொடிகளுக்குப் பக்கத்திலேயே செங்கணுவையும் ஏற்றிவிட்டிருக்கிறார். கணுவுக்குக் கணு சிவப்பு வளையம், பார்க்கவே அழகு. இங்கே இதைக் காய்ச்சலுக்கு ஒரு நாள், இரண்டு நாள் குடிப்பார்கள், அவ்வளவுதான். சுகருக்குத் தினமும் குடிப்பது அடிவாரத்து வியாபாரம்.

"உங்க படிப்புனால எங்க ஊட்டுல அடுப்பெரியுதுங்க கண்ணு" என்றார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் இரண்டு நாள் குடிக்கிற வேரை வருஷம் முழுக்கக் குடித்தால்? மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால்? அந்தப் பரிசோதனையை முடிக்காமல் விடக்கூடாது.

1999 டிசம்பர் 10

முதல் நோன்பு. டீ இல்லாமல் தலைவலி. எலிகளுக்கு மட்டும் நோன்பு இல்லை.

1999 டிசம்பர் 21

அத்தா கடையில் விழுந்துட்டார்.

லேபுக்கு போன் வந்தது. என்ன சொன்னார்கள் என்றுகூட நினைவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஆள் அடையாளம் தெரியாமல் பேசி, தராசு மேலேயே சாய்ந்துட்டாராம். யா அல்லாஹ். டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை — சுகர் தரைமட்டம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்... வேண்டாம், எழுத மாட்டேன்.

கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா? "நோன்ப முறிச்சுட்டீங்களா?" அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது எனக்கு. உயிர் வந்ததே பெரிசு, நோன்பாம் நோன்பு!

1999 டிசம்பர் 22

அம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொல்லிவிட்டார்.

அத்தா வேர்க் கஷாயத்தை மூன்று வேளையாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். நோன்பு வந்ததும் பகலில் குடிக்க முடியாதே! அதனால் மூன்று வேளைக் கஷாயத்தையும் சேர்த்து விடியுமுன் ஸஹர் சாப்பாட்டிலேயே குடித்துவிடுவாராம். கூடவே மாத்திரையும். கேட்டதற்கு, "என்ற மக நிரூபிச்ச மருந்துடி, பகல் பூரா சுகரு ஏறாம நிக்கும்" என்றாராம்.

ஏறாமல் நின்றது. இறங்கிக்கொண்டே போனது.

என் பேரைச் சொல்லி, என் எலியைச் சொல்லி. இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் இப்படி? எங்கள் தெருவில் பாதி வீடு எங்கள் கடையில்தான் வாங்குகிறது. அத்தனை பேருக்கும் நோன்பு.

2000 ஜனவரி 9

பெருநாள். வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். எல்லாரிடமும் அத்தா ஒரே பதில்தான்: "பித்தம் தலைக்கேறிருச்சுங்க." அவர் சொல்லச் சொல்ல எனக்குத்தான் பித்தம் ஏறியது.

கூட்டம் போனதும் கேட்டுவிட்டேன். "வேரும் மாத்திரையும் சேர்ந்ததுன்னு சொன்னா என்ன?"

"வாயத் தொறந்தீன்னா பாரு. ஊட்டுக்குள்ள, வெளிய, காலேசுல, எங்கயும் இந்தப் பேச்சு வரக்கூடாது. என்ற மேல சத்தியம்."

தட்டை நகர்த்திவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. கடை பெரிதா, மனுஷன் பெரிதா? அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "கடைக்காக இல்லடி. சித்திகா குடுத்த மருந்துல அவ அத்தாவே விழுந்துட்டாருன்னு ஊரு பேசும். அதத்தான் அவரால தாங்க முடியல."

இப்போது என்ன செய்வது நான்? இந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு?

சத்தியத்தை மீற மாட்டேன். ஆனால் எலிகளிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

2000 ஜனவரி 24

சுகுணா மேடமிடம் கேட்டேன்: வேர், மாத்திரை, பட்டினி, மூன்றையும் சேர்த்து ஒரு பரிசோதனை. மூன்று வேளை அளவை ஒரே வேளையில்.

"ஏன் திடீர்னு?" என்றார். எப்படிச் சொல்வது, சத்தியம் இருக்கிறதே. "உங்க தீசிஸுக்கு இருக்கறதே போதும். எலிப் பரிசோதனைக்கு கமிட்டியில திரும்ப அனுமதி வாங்கணும். ஒரு வருஷம் தள்ளிப்போகும், யோசிச்சுக்குங்க."

யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2000 பிப்ரவரி 19

கமிட்டி கேள்வி மேல் கேள்வி. திருத்தி எழுதி மறுபடியும் கொடுத்தேன். திரும்பக் கேட்டாலும் திரும்பக் கொடுப்பேன்.

2000 மே 5

முடிவு வந்துவிட்டது.

வேர் மட்டும் — இறங்குகிறது, தாங்குகிறது. மாத்திரை மட்டும் — அப்படியே. இரண்டும் சேர்ந்து, வயிறும் காலி என்றால், அதலபாதாளம். ஒரு எலி கூண்டு மூலையில் வெட்டி வெட்டி இழுத்தது. நான்தான் குளுக்கோஸ் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டது.  தராசின் மேல் சாய்ந்த ஆள்தான் கண்ணுக்குள் நின்றார்.

சுகுணா மேடம் எண்களை இரண்டு முறை சரிபார்த்தார். "இதத்தான் முதல் அத்தியாயமா வைக்கணும்" என்றார்.

2000 மே 7

அத்தாவிடம் சொன்னேன். சண்டைதான்.

"எலிக்கும் எனக்கும் என்ன புள்ள சம்பந்தம்? அது நாலு காலு!"

"போன வருஷம் சுகர் குறைஞ்சப்போ அதே எலிதானே உங்களுக்குச் சொந்தக்காரனா இருந்துச்சு? போர்டு வெச்சீங்களே! இப்ப மட்டும் நாலு காலா?"

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். போர்டு அப்படியே இருக்கிறது. மாத்திரையோடு வேரும் குடிக்கிறார் என்றே நினைக்கிறேன். வீம்பு, வேறென்ன.

2000 ஆகஸ்ட் 2

மறுபடி ஆடிப் பதினெட்டு. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

வேர் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து, "சுகருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். ஆமாங்க என்றால், "அப்ப இது உங்களுக்கு ஆகாதுங்க, ரெண்டும் சேர்ந்தா மயக்கம் போட்ரும்" என்றேன். யாருக்கு நடந்தது என்று சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தான். ராசிபுரத்துக்காரர் ஒருவர் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, இந்தப் போர்டுல இருக்கற சித்திகா யாருங்க?" நான்தானுங்க என்றேன். வேரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்லாவில் அத்தா முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் காளியண்ணன் மூட்டையோடு இறங்கி வந்தார். போன மாத மூட்டையே அடுக்கில் இருப்பதைப் பார்த்தார். "ஒரே வேருதானுங்களே கண்ணு. போன வருசம் சாமியா இருந்துச்சு, இந்த வருசம் சனியனா?"

சாமியும் இல்லை, சனியனும் இல்லை, மாத்திரைக்கு மட்டும் ஆகாது என்றேன். தலையை ஆட்டினார். சமாதானம் ஆகவில்லை, தெரிந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக நான் நாற்காலியை எடுக்கப் போவதில்லை.

2000 ஆகஸ்ட் 10

அத்தா இன்னும் பேசவில்லை. சோறு வேண்டும் என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் சொல்கிறார். நானும் அவர் மகள்தான், எத்தனை நாள் என்று பார்க்கிறேன்.

2000 நவம்பர் 27

நாளை நோன்பு. எனக்குப் பயம். டாக்டர் நோன்பு நாளுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஆனால் வேர்?

அம்மா கூப்பிட்டு அரிசி டின்னைத் திறந்து காட்டினார். வேர்ப் பொட்டலம் மொத்தமும் உள்ளே. "கஷாயச் சட்டி எங்கேம்மா?" என்றேன். "பக்கத்தூட்டு மாடியில. கேட்டா ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிருவேன்." அம்மா பாத்திமா பீவிக்கு ஒரு பட்டம் கொடுக்க வேண்டும், எனக்கு முன்னால்.

2000 டிசம்பர் 28

பெருநாள். அல்ஹம்துலில்லாஹ். ஒரு நோன்பும் முறியவில்லை. அத்தா சட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். இது அம்மாவுக்கே ஆச்சரியம்.

2001 மார்ச் 14

நாளை வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அத்தாவை அழைத்தேன். "கடைய யாரு பாக்கறது?" என்றார். சரி.

ஒரு பயம்தான். அந்த அளவை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? தீசிஸில் காரணம் மொட்டையாக இருக்கிறது.

2001 மார்ச் 15

பயந்த கேள்விதான் வந்தது.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் நல்லவர்தான், மென்மையாகவே கேட்டார். "உங்க முதல் அத்தியாயம் பயமுறுத்துதும்மா. ஆனா மூணு வேளை மருந்தை ஒரே வேளையில, அதுவும் மாத்திரையோட, அப்புறம் நாள் முழுக்கப் பட்டினி... இது நிஜத்துல எங்கே நடக்கும்? யாருமே சாப்பிடாத அளவை எலிக்குக் கொடுத்துட்டு, ஆபத்துன்னு சொன்னா எப்படி ஏத்துக்கறது?"

 சுகுணா மேடம் என்னையே பார்க்கிறார். பதில் எனக்குத் தெரியும், சொல்ல சத்தியம் விடவில்லை. ஏதோ உளறப் போனேன். நடைமுறையில் சில சூழல்களில்... இப்படி ஏதோ.

பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம்.

"நடந்துச்சுங்க."

கதவோரம், கடைசி வரிசை. கடைச் சட்டையோடு, தலையில் தொப்பியோடு, அத்தா. எப்போது வந்தார்?

"நாந்தானுங்க அந்த ஆளு. பேரு அக்பர் அலி, காரவள்ளியில கடை. நோன்புக்கு மூணு வேளையும் ஒண்ணாக் குடிச்சுட்டு, மாத்திரையும் போட்டுட்டு, கடையில விழுந்துட்டேனுங்க. இந்தப் புள்ள சொல்லோணும்னுதான் சொல்லுச்சு. நாந்தான் சத்தியம் வாங்கி வாயக் கட்டி வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க ஊர்ல இன்னும் நாலு பேரு அப்படிக் குடிக்கறானுங்க. ஏத்துக்கறதா இருந்தா ஏத்துக்குங்க."

 தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "உட்காருங்க ஐயா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு வேற கேள்வி இல்லம்மா."

அங்கேயே அழுதுவிட்டேன். எல்லார் முன்னாலும். வெட்கமாகவே இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அந்த எலி பொழச்சுதான்னு சொல்லவே இல்லியே நீ?" என்று கேட்டார். பிழைத்தது அத்தா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2001 ஏப்ரல் 2

காலையில் கடைக்குப் போனால் பழைய போர்டைக் காணோம். புதுசு, பெயிண்ட் இன்னும் காயவில்லை. மேலே கொட்டை எழுத்தில்:

"சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு செங்கணு வேர் விற்பதில்லை."

கீழே சின்னதாக: "சொன்னவர் டாக்டர் சித்திகா. கேட்காமல் விழுந்தவர் அக்பர் அலி."

இப்படியேவா எழுதணும் பாய் என்று பெயிண்டர் இரண்டு தடவை கேட்டாராம்.