கடைசிப் பக்கத்துப் பொட்டு

உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. இன்று காலை லஸ் முனையில், நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கும் கடையில், அதை மறுபடி கிளப்பிவிட்டாய். போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்ப என்னை விடமாட்டேன் என்கிறாய்.

அட்டையில் பனிமலை, ஒரு ஏரி, சிவப்புக் கோட்டு போட்ட பெண், அவள் தோளில் கை போட்ட தாடிக்காரன். பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும்தான் அந்தத் தாடியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறைத்தது. திரும்பி வந்து புத்தகத்தை எடுத்து நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கதை முடிகிற வரிக்குக் கீழே உன் ஸ்டிக்கர் பொட்டு. மிளகு அளவு, அரக்கு நிறம்.

கடைக்காரருக்கு என்னைத் தெரியும். "இன்னா மேடம், லவ் ஸ்டோரிலாம் கையில வச்சுக்கினு கீறீங்க? இதெல்லாம் குப்பைன்னு நீங்கதான சொல்வீங்க" என்றார். இப்போதும் குப்பைதான் என்று சொல்லிவிட்டு அதை வாங்கிக்கொண்டேன். கீரையை மறந்துவிட்டேன்.

குப்பைதான். நீ இருந்தபோது உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன், இல்லாதபோது மாற்றிச் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பெண் ஒருத்தி லண்டனுக்கோ ஸ்விட்சர்லாந்துக்கோ போவாள். அவள் விசாவுக்கு வரிசையில் நின்றதை எந்த நாவலிலும் யாரும் எழுதவில்லை. விமான நிலையத்தில் பெட்டி தொலையும். அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவன் அதிர்ஷ்டவசமாகத் தமிழனாகவே இருப்பான். கோட்டை மாதிரி ஒரு வீட்டில் தனியாக இருந்துகொண்டு பாதிப் புத்தகம் வரை அவளிடம் சிடுசிடுப்பான். அப்புறம் பனி பெய்யும். அவளுக்குக் குளிரும். அவன் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துவான். கல்யாணம். தயிருக்கு உறை ஊற்ற என்ன செய்தார்கள் என்று அந்தப் பெண்கள் ஒருத்திகூட யோசித்தது கிடையாது.

நாம் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் வேலைக்குப் போன அத்தனை வருஷமும் இந்தக் குப்பையோடு நான் மல்லுக்கட்டினேன். பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகரில் ஏறி, பெண்கள் பெட்டியில் கைப்பையை வைத்து உனக்கு ஜன்னலோர இடம் பிடிப்பது நான். அந்த இடத்துக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன். நீ மந்தைவெளியில் ஏறுவாய், உட்காருவாய், புத்தகத்தைப் பிரிப்பாய். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் வாடைக்குப் பெட்டியே மூக்கைப் பொத்தும்போது நீ மட்டும் தேம்ஸ் நதிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருப்பாய். எனக்கு மேலதிகாரியோடு தகராறு, மகனுக்குக் காய்ச்சல், சொல்வதற்கு ஆயிரம் இருக்கும். "இரு, ரெண்டு பக்கம்தான்" என்பாய். அந்த ரெண்டு பக்கம் கடற்கரை வரைக்கும் நீளும்.

உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாததல்ல. படுக்கையிலேயே கிடந்த மாமியார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் கணவர். ஏதாவது செய், வாய் திறந்து கேள், நாலு நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து இரு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவாய். அந்த நாவல்களை எழுதியவர்கள் யாராவது எதிரில் வந்திருந்தால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல காலம் இல்லை.

அப்புறம் நானே அந்த ஊர்ப் பக்கம் போனேன். மருமகள் பிரசவத்துக்கு ஜெர்மனி. குழந்தையைக் குளிப்பாட்டி, பாத்திரம் கழுவி, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முழங்கால் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். உன் கதைகளுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தே தீர்வது என்று நேரே உன் வீட்டுக்கு வந்து, அங்கே நான் பட்ட பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"பனி பெஞ்சுதாடி?"

பெய்தது, வாசலில் குவிந்தது, அதை நான்தான் மண்வெட்டியால் அள்ளிப் போட்டேன் என்றேன். நீ கண்களை மூடிக்கொண்டு, "அப்படியா" என்றாய். நான் ஏதோ வரம் வாங்கி வந்ததுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதல் கதைதான் வேண்டுமென்றால் நம் மயிலாப்பூரில் நடக்கிற மாதிரி ஒன்று படித்தால் என்ன, அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டேன். அன்றுதான் முதல்முறையாக நீ ஒழுங்காகப் பதில் சொன்னாய்.

"மயிலாப்பூர்ல கதை நடந்தா, அந்தப் பொண்ணு வீட்டுக்குத் தண்ணி லாரி வந்துதான்னு எனக்குக் கவலை வந்துடும்டி. ஸ்விட்சர்லாந்துல எனக்கு ஒரு வேலையும் கிடையாது."

நல்ல பதில்தான். அதற்காக உன்னை மன்னித்துவிடவில்லை.

பிறகு உன் வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் உன் கணவரிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். உனக்கும் தெரியும் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. மருந்தின் வேகத்தில் எழுத்தெல்லாம் நீந்துகிறது, படித்துக் காட்டு என்றாய். யாரிடம் கேட்டாய் பார். நான் தினமும் மத்தியானம் அடையாற்றிலிருந்து பஸ் பிடித்து வந்து, உன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஊரில் உள்ள தாடிக்காரர்களின் காதலையெல்லாம் சத்தமாக வாசித்தேன்.

நான் வந்தது அதற்காகவா? எனக்கு உன்னோடு ஒரே ஒரு தடவை நேராகப் பேச வேண்டியிருந்தது. பயமாக இருக்கிறது என்று நீ சொல்ல வேண்டும், நீ இல்லாமல் எனக்கு யாரடி இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அதற்கு வார்த்தை தேடிக்கொண்டே வருவேன். நான் வாயெடுத்ததும் உனக்குத் தெரிந்துவிடும். "அது கிடக்கட்டும், அந்தப் பையன் பேக்கரிக்கு வந்தானா இல்லையா, படி" என்பாய்.

புத்தகங்களைக் கொண்டுவருகிற வேலையும் என் தலையில்தான். மாட வீதிக்குப் பின்னால் இருந்த அந்த லெண்டிங் லைப்ரரியில் ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க ஒருத்தர் முதல் பக்கத்தில் டிக் போடுவார், இன்னொருத்தர் பூ வரைவார். நீ கடைசிப் பக்கத்தில் பொட்டு ஒட்டுவாய். அதனால் நான் அலமாரி அலமாரியாகப் புரட்டி, உன் பொட்டு இல்லாத புத்தகங்களாகப் பொறுக்கி எடுத்து வருவேன். அந்தத் தூசியில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. நோயாளிக்குப் படித்ததையே படிக்கக் கொடுக்கக் கூடாது என்று அவ்வளவு அக்கறை.

நான் வாசிக்கும்போது நீ போர்வை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வலி என்று நினைத்தேன். ஒரு நாள் புதுப் புத்தகத்தை ஆரம்பித்துக் கொஞ்சம் போனதும், கடைசிப் பக்கத்தில் பொட்டு இருக்கிறதா பார் என்றாய். இல்லை, பார்த்துத்தானே எடுத்தேன், நீ இன்னும் படிக்காதது என்று பெருமையாகச் சொன்னேன். சிரிக்க உனக்குத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தாய்.

"படிச்சது எதுன்னு எனக்கே தெரியாதா? அதுக்குப் பொட்டு எதுக்குடி? யாருக்கும் கெட்டது நடக்காம முடிஞ்சா பொட்டு ஒட்டுவேன். மனசு சரியில்லாதப்போ அதைத்தான் மறுபடி எடுப்பேன்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நல்லபடியாக முடியும் என்று தெரிந்த புத்தகங்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, யாருக்கு என்ன ஆகுமோ என்று உன்னைத் தினமும் நடுங்க வைத்திருக்கிறேன். நான் தும்மிக்கொண்டே தேடி எடுத்து வந்தேனாம், சொல்ல மனசு வரவில்லையாம். இந்த நல்ல மனசுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம். நாளைக்கே பொட்டு வைத்ததாகக் கொண்டுவருகிறேன் என்றேன். "ஆரம்பிச்சாச்சு. இதை முடிச்சுடு" என்றாய்.

அந்த 'இது'தான் இன்று காலை லஸ் முனையில் கிடைத்தது. ஏரிக்கரை ஊர், பேக்கரியில் வேலை பார்க்கும் வர்ஷா, தாடிக்கார ஆதவ். பல நாளாக வாசித்துக் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது, என் கண் இரண்டு பாரா முந்திப் போய்விட்டது. வர்ஷாவுக்கு நோய். பனி பெய்கிற நேரத்தில் ஆதவ் மடியில் தலைவைத்துச் செத்துப்போகிறாள். அவன் ஏரிக்கரையில் மெழுகுவத்தி ஏற்றுகிறான். எத்தனையோ நாவலில் எல்லாரையும் பிழைக்க வைத்தவர்களுக்கு, இந்த ஒன்றில் மட்டும் இலக்கியம் படைக்க ஆசை வந்துவிட்டது.

நீ போர்வையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாய்.

நான் நிறுத்தவில்லை. கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது, வர்ஷாவுக்கு ஒன்றுமில்லை என்று வாசித்தேன். அதோடு விட்டிருக்கலாம். கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஸ்விட்சர்லாந்தில் கல்யாணம் எப்படி நடக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைப் போட்டேன். வாசலில் வாழைமரம் கட்டினேன், ஏரிக்கரையில் நாதஸ்வரம் வைத்தேன், பந்தியில் சாம்பாருக்கு உப்பு பத்தவில்லை என்று ஆதவின் சித்தப்பாவை முறைக்க வைத்தேன்.

"ஸ்விட்சர்லாந்துல வாழைமரம் ஏதுடி?" என்றாய், கண்ணைத் திறக்காமலே.

"ப்ளேன்ல வந்துச்சு. பேசாம கேளு."

கேட்டாய். போர்வையை விட்டுவிட்டாய். நலங்கு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் படகில் ஏறி, பனியும் பெய்து முடிந்தது. புத்தகத்தை மூடப் போனேன். நீ நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து, விரல் நுனியில் வைத்து என்னிடம் நீட்டினாய்.

"ஒட்டு" என்றாய்.

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அடுத்த நாள் மத்தியானம் நான் பஸ் பிடிப்பதற்குள் உன் கணவரிடமிருந்து போன் வந்துவிட்டது. புத்தகங்களை அவர்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பிறகு லைப்ரரியையும் மூடிவிட்டார்கள். சரக்கெல்லாம் நடைபாதைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். வர்ஷா இன்னும் செத்துத்தான் போகிறாள். மெழுகுவத்தி இன்னும் எரிகிறது. அதற்குக் கீழே கூச்சமே இல்லாமல் உன் பொட்டு. வாழைமரமும் உப்பில்லாத சாம்பாரும் எந்த அச்சிலும் கிடையாது. அதை வரிக்கு வரி சொல்ல உலகத்தில் இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் பேச வந்ததை நீ பேச விடவில்லை. பயமாக இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. பொய் சொல்லும் நாவல்களை ஆயுசு முழுக்கத் திட்டியவளைக் கடைசியில் ஒரு பொய்யை வாசிக்க வைத்து, அதற்கு உன் கையால் பொட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். நீ பிழைத்துக்கொள்வாய் என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டாயா, இல்லை, எல்லாம் தெரிந்தேதான் வாங்கிக்கொண்டாயா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் பொட்டு பசை போய்க் கையோடு வந்துவிட்டது. மேஜை டிராயரில் கோந்து இருந்தது. தடவி, இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினேன்.