டாக்டர் கேட்டபோது நீ சொன்ன பதில்

அம்மா,

கேசரி கிளறும் வாசனை வந்தாலே எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. இன்று நம் சின்னவளை, என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று காலையிலேயே நெய்யில் ரவையை வறுத்தேன். முந்திரி சிவப்பதற்குள் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டேன். போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜோகுபாளையத்து வீட்டில், எனக்காக நீ இதே மாதிரி கேசரி கிளறினாய். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் உன் அண்ணனையும் தம்பியையும் ஆட்டோவில் ஏற்றி ஒக்கலிபுரத்து உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். இரண்டு மாமாக்களுக்கும் வாலிப வயதில் பார்வை போயிருந்தது. பெரியவருக்குப் பட்டாசு வெடித்தது, சின்னவருக்கு அம்மை போட்டது என்று எங்களிடம் கதை சொல்லி வைத்திருந்தாய். முகத்தில் ஒரு தழும்புகூட இல்லாத பட்டாசு, ஒரு வடுகூட இல்லாத அம்மை!

சம்பந்தம் முடிவான கையோடு என் தம்பிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. டிபி என்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை நாம் காட்டப் போன ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். வரிசையில் நிற்கவிடாமல் நம்மை உள்ளே கூட்டிப்போனாள். டாக்டர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் யாருக்காவது பார்வைக் கோளாறு உண்டா என்று கன்னடத்தில் கேட்டார். இதில் ஒரு மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைக் கெடுத்துவிடும், அதனால் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

நீ அத்தையைப் பார்த்தாய். பிறகு டாக்டரைப் பார்த்து, "இல்ல சார், யாரிகூ இல்ல" என்றாய். யாருக்கும் இல்லையாம்!

டிபி குணமாகிற நோய், சம்பந்திக்குத் தெரிந்தால் பரவாயில்லை. வம்சத்தில் பார்வை போகிற நோய் ஓடுவது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். அப்படித்தானே நினைத்தாய்? சரி, அன்றைக்கு அத்தை பக்கத்தில் நின்றாள். மறுநாள் தனியாகப் போயிருக்கலாமே. பஸ் ஏறினால் இறங்கிவிடுகிற தூரம். போகவில்லையே நீ.

தம்பி மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "செவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒண்ணாவே தெரியுதும்மா, ஓனர் திட்டறாரு" என்றான்.

"ஒடம்பு வீக்கா இருக்குடா. கேரட் தின்னு, சரியாப் போயிடும்."

கேரட்! என் கழுத்தில் தாலி ஏறும்வரை அவனுக்குக் கேரட் நறுக்கிக் கொடுத்தாய். மறுவீட்டு விருந்து முடிந்த பிறகுதான் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாய். அங்கேதான் அழுது எல்லாவற்றையும் கொட்டினாய். நான் பக்கத்தில் புதுப் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தேன். உண்மை எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தாய் வழியில் வருவது, ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும் என்று அந்த டாக்டர் விளக்கினார். "மாத்திர இல்லாட்டியும் பின்னாடி வந்திருக்கலாம்மா, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மொதல்லயே சொல்லியிருந்தா இதக் குடுத்திருக்கவே மாட்டாங்க. வேற மருந்து இருக்கு." மாத்திரையை நிறுத்தினார்கள். பார்வை திரும்பவில்லை. கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தம்பி தன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்றார்கள்.

அதன்பின் நீ சாகும்வரை அவன் தட்டில் மீன் முள்ளை எடுத்து எடுத்து வைத்தாய். பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர், "இதுக்காடி மறைச்சீங்க? சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேனே" என்றார்.

இன்று சாயங்காலம் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "அவங்க வர்ற நேரத்துல நான் எதுக்குக்கா? அப்படியே சுத்திட்டு வரேன்."

"உக்காருடா!" கத்தியே விட்டேன். கூடத்தில் நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். வந்தவர்கள் காப்பியைக் கையில் எடுத்ததும் ஒளிக்காமல் சொன்னேன். மாமாக்களைப் பற்றி, தம்பியைப் பற்றி, நாளை சின்னவளுக்குப் பிள்ளை பிறந்தால் எந்த மருந்துக்கு முன்னாலும் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி. பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

சின்னவள் அழவில்லை. "விடுக்கா. டாக்டர் கேட்டா வாயத் தொறந்து சொல்ற வீடா இருந்தா வரட்டும்" என்றாள். என் மகனுக்கு ஜுரம் வந்தால்கூட டாக்டர் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். நோயை நீ வேண்டுமென்று கொடுக்கவில்லை, அதற்கு உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான்: "அம்மா மேல இன்னும் கோவமாக்கா? எனக்கு எப்பவோ போயிடுச்சு."

அவனுக்குப் போகலாம் அம்மா. அந்தத் தாலி என் கழுத்தில் அல்லவா கிடக்கிறது.